திருவிழாவுக்கு வள்ளி திருமணம் வைக்கலாமா?

மேலூர்ப் பையன்:
எங்கள் ஊர்ப் பொங்கலுக்கு இந்தத் தடவை ஆடல்பாடல் வேண்டாம், வள்ளி திருமணம் நாடகம்தான் என்று பெருசுகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். இளவட்டங்கள் முறைக்கிறார்கள். வரி வசூலிக்கிற நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். இந்த மாதிரி ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகையே கிடையாதாமே, அப்புறம் எப்படி விடிய விடிய நடத்துகிறார்கள்?

ஆர்மோனியக்காரர் மகன்:
தம்பி, ஒத்திகை இல்லாததுதான் அதில் ருசியே. ராஜபார்ட், அதாவது கதாநாயகன், புதுக்கோட்டையிலிருந்து வருவார்; ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி, மதுரையிலிருந்து. மேக்கப் போடுகிற இடத்தில்தான் சில பேர் முதன்முதலாக முகமே பார்ப்பார்கள். ஆனால் இந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் பாடம் எல்லோருக்கும் தலைகீழ்ப் பாடம். பாட்டு வரிசை மாறாது, நடுவில் வருகிற பேச்சு அன்றன்றைக்குப் பிறக்கிறது.

எங்கப்பா ஆர்மோனியம், பின்பாட்டு. சுருதியைக் கட்டை என்போம்; முருகனுக்கு ஒரு கட்டை, வள்ளிக்கு ஒரு கட்டை. வள்ளிக்குத் தொண்டை கட்டினால், அந்தம்மா திரும்பிப் பார்ப்பதற்குள் அரைக்கட்டை இறக்கி, தானும் சேர்ந்து பாடி மூடிவிடுவார். சனத்துக்குத் தெரியவே தெரியாது.

இளவட்டங்களை நாடகத்துக் கோமாளியான பபூன் பார்த்துக்கொள்வார். விவரமான பபூன் சாயங்காலமே வந்து டீக்கடையில் உட்கார்ந்து ஊர்வம்பு முழுக்க வாங்கி வைத்துக்கொள்வார். ராத்திரி பிரசிடெண்ட் தலை உருளும்.

செலவைக் குறைக்கிறேன் என்று நாரதரில் மட்டும் கை வைக்காதீர்கள். நாரதர் வள்ளி தர்க்கம் சப்பென்று போனால் பாதிக் கூட்டம் பாயைச் சுருட்டிவிடும்.

திருமங்கலத்தான்:
எங்கள் ஊரில் வாழ்ந்த நாடக நடிகர் விஸ்வநாததாஸ் நாடக மேடையிலேயே வெள்ளைக்காரனைக் கொக்கு என்று பாடி ஜெயிலுக்குப் போனவர். 1940 டிசம்பர் 31, சென்னையில் வள்ளி திருமணம். முருகன் வேஷத்தில் மயில்மேல் உட்கார்ந்து பாடும்போதே உயிர் போய்விட்டது. இதை இளவட்டங்களிடம் சொல்லிப் பாருங்கள். பபூனையும் லேசாக எண்ண வேண்டாம். சாப்ளினே லண்டன் மியூசிக் ஹால் மேடையில் தேறி வந்தவர்தான்.

மேலூர்ப் பையன்:
சரிண்ணே, நாரதருக்கு முதலில் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறேன். மைக்செட் அவர்களே கொண்டு வருவார்களா?

ஆர்மோனியக்காரர் மகன்:
எதற்கும் ஏஜெண்டிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். யார் கொண்டுவந்தாலும் எக்கோ மட்டும் வைக்க விடாதீர்கள். தர்க்கத்தில் ஒரு வார்த்தை விளங்காது.