எங்கள் தொடர்மாடியில் நாள்வாடகை வீடுகள்: கட்டுப்பாடு வேண்டுமா?

மூன்றாம் மாடி டீச்சர், நுவரெலியா

எங்கள் தொடர்மாடியில் இருபது வீடுகள். பதின்மூன்றில் ஆண்டு முழுவதும் குடும்பங்கள் இருக்கின்றன. மற்ற ஏழும் இணையத்தின் வழியே நாள்வாடகைக்குப் போகின்றன. அடுத்த மாதம் வீட்டு உரிமையாளர்களின் அமைப்பான முகாமைக் கூட்டுத்தாபனத்தின் பொதுக்கூட்டம். ஏழு இரவுக்குக் குறைவாக எந்த வீட்டையும் வாடகைக்கு விடக்கூடாது என்று துணைவிதி கொண்டுவரும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சித்திரை சீசனில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். கூரையிலுள்ள தண்ணீர்த் தாங்கி எல்லோருக்கும் பொது. காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் நேரத்தில் எங்கள் குழாய்களில் காற்றுதான் வருகிறது. வாசற்கதவின் இலக்கப் பூட்டு திறக்கவில்லை என்று நள்ளிரவில் என் வீட்டு மணியை அடிக்கிறார்கள். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

ஜனவரிக் குளிரில் ஒரு குடும்பம், இறைச்சி சுட்ட கரியடுப்பைப் படுக்கையறைக்குள் கொண்டுபோய்க் குளிர் காய்ந்தது. ஜன்னல், கதவு எல்லாம் சாத்தியிருந்தன. எரியும் கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவரைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். சிறுபிள்ளை ஒன்று வாந்தியெடுத்து அழுத சத்தம் கேட்டு நாங்கள் போய்க் கதவைத் தட்டினோம். வீட்டு உரிமையாளர் கொழும்பில் இருக்கிறார். அன்றிரவு அவர் தொலைபேசியை எடுக்கவில்லை.

ஊவாக்காரன், பண்டாரவளை

டீச்சர், அந்தப் பிள்ளையை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. ஆனாலும் ஏழு இரவு விதியை நான் எதிர்க்கிறேன். உங்கள் கட்டடத்தில் எனக்கு வீடு இல்லை. பண்டாரவளையில் இதே போன்ற தொடர்மாடியில் ஒன்று வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் வருகிறவர்கள் எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்ப்பார்கள், சின்னச் சிவனொளிபாதமலை ஏறுவார்கள், இரண்டாம் நாள் ரயிலேறிவிடுவார்கள். ஏழு இரவு என்று எழுதினால் கடையை மூடு என்றுதான் பொருள்.

என் அம்மா கொழுந்து பறித்தவர். நான் கட்டாரில் உழைத்த பணமும் வங்கிக் கடனும் சேர்ந்துதான் இந்த வீடு. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வங்கிகளின் வட்டியை நகர்த்தும் கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் எடுத்த என்னைப் போன்றவர்கள் அன்று பட்ட பாடு கொஞ்சமல்ல. மாத வாடகையில் அந்தத் தவணையின் பாதியைக்கூடக் கட்ட முடியாது. வீட்டைத் துப்புரவாக்கவும் துணி துவைக்கவும் வருகிற அக்காமார் இருவரும் தோட்டத்துப் பெண்கள். 2024இல் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அரைநாள் வேலைக்கு நான் அதைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறேன். நகரத்தில் சொந்த வீடு என்பது எங்கள் மக்களுக்கு இப்போதுதான் வாய்த்திருக்கிறது. அதை வைத்து நாலு காசு பார்க்கும்போது விதி போடாதீர்கள்.

செயலாளர் கண்டி

கண்டியில் எங்கள் கட்டடத்தின் கணக்குகளைப் பார்ப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் டீச்சர் பக்கம். ஆனால் என் காரணம் வேறு.

தொடர்மாடி உடைமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வீட்டுக்கு உரிமையாளரான ஒவ்வொருவரும் முகாமைக் கூட்டுத்தாபனத்தின் உறுப்பினர். பராமரிப்புப் பணம் வீட்டின் பங்குப் பெறுமதியை, அதாவது முழுக் கட்டடத்தில் அந்த வீட்டுக்குக் குறித்த பங்கை, வைத்து அறவிடப்படுகிறது. எத்தனை பேர் லிஃப்டில் ஏறினார்கள், தண்ணீர் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. இருவர் மட்டும் வாழும் ஓய்வூதியக்காரர் வீடும், வாரத்துக்கு மூன்று கூட்டம் வந்துபோகும் வீடும், பங்கு ஒன்றென்றால், ஒரே தொகை கட்டுகின்றன. ஓய்வூதியக்காரரின் பையிலிருந்து இன்னொருவரின் வியாபாரத்துக்கு மானியம் போகிறது. இது அநியாயம்.

இன்னொன்று, சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் வீட்டை இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு செய்யும் ஏற்பாடு இருக்கிறது. அந்த அதிகாரசபை 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. ஊவாக்காரன் தம்பி, உங்கள் வீடு பதிவாகியிருக்கிறதா?

ஊவாக்காரன்

பதிவாகியிருக்கிறது அண்ணன். சான்றிதழைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். பதிவில்லாத வீடுகளை நிறுத்துங்கள் என்றால் முதல் கை என்னுடையது. தண்ணீருக்குத் தனி மீற்றர் பொருத்துங்கள், கூடுதல் பராமரிப்புப் பணம் கேளுங்கள், கட்டுகிறேன். காசு சம்பந்தப்பட்ட குறைக்குக் காசால் தீர்வு இருக்கும்போது தடை எதற்கு?

தலவாக்கலை ராணி

டீச்சர், மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அங்கே ஒருவர் இருமினால் இங்கே கேட்கும். தண்ணீர்ப் பீலி ஒன்றுதான். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் வாழ்ந்தோம். சீசனில் சில வாரம் சத்தம் கேட்டால் நகரத்து மாடிவீட்டுக்காரர்களுக்கு அவ்வளவு கஷ்டமா? சத்தத்துக்கு ஏற்கெனவே கட்டுப்பாடு உண்டு. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2007இல் உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மீறினால் பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

மூன்றாம் மாடி டீச்சர்

ராணி, நானும் லயத்துப் பிள்ளைதான். நீங்கள் சொன்ன அதே பீலியடியில்தான் குடத்தோடு வரிசையில் நின்றேன். அந்த வரிசை எப்படி நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒருத்தி முந்திக்கொண்டால் மறுநாள் அதே முகங்களைப் பார்க்க வேண்டும். கோயில் திருவிழாவிலும் சாவு வீட்டிலும் அவர்களோடுதான் நிற்க வேண்டும். சட்டப்புத்தகம் இல்லாமலே ஒழுங்கு இருந்ததற்கு அதுதான் காரணம். நாளைக் காலை சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு நுவரெலியாவை விட்டே போகிறவருக்கு என் முகம் எதற்கு? அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. திரும்பச் சந்திக்கப் போவதில்லை என்பதால் அந்தக் கட்டுப்பாடு அவரிடம் வேலை செய்யாது.

தம்பி, காசு கட்டுகிறேன் என்கிறீர்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்டபோது என்ன நடந்தது? மண்சரிந்து வீதிகள் அடைபட்டன. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. நாள்வாடகை வீடுகளில் அகப்பட்டவர்களுக்கு அரிசி எங்கே வாங்குவது, மழைக்குள் எந்தப் பக்கம் போகக்கூடாது என்று எதுவும் தெரியவில்லை. எங்கள் அடுப்பில் சமைத்ததைத்தான் அவர்களும் சாப்பிட்டார்கள். பச்சைக் குழந்தைக்குப் பால்மாவைத் தேடியவர் கீழ்மாடி சிங்கள ஐயா. அந்த வேலையை நாங்கள் மனதாரச் செய்தோம், இனியும் செய்வோம். வாடகை வாங்கியவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. மீற்றர் வைத்து அளக்கக்கூடிய விஷயமா இது?

ஊவாக்காரன்

டீச்சர், உங்கள் கோபம் முழுவதும் கொழும்பில் இருந்துகொண்டு சாவிப்பெட்டியில் வியாபாரம் செய்கிறவர்கள் மேல்தான் இருக்கிறது. அதில் நியாயம் இருக்கிறது. நான் அப்படி இல்லை. விருந்தினரை வாசலில் நின்று நானே வரவேற்கிறேன். புயல் நேரத்தில் என் வீட்டில் இருந்தவர்களை என் அம்மா வீட்டுக்கு அழைத்துப்போய் வைத்திருந்தேன். எனக்கும் அவர்களுக்கும் ஒரே விதியா? இப்படி எழுதுங்கள்: கட்டடத்திலோ நடந்து வரும் தூரத்திலோ பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும், அவர் இரவிலும் வர வேண்டும். படுக்கையறைக்கு இத்தனை பேர் என்று உச்சவரம்பு. கட்டடத்துக்குள் கரியடுப்பு கூடவே கூடாது. மீறினால் தண்டப் பணம், மீண்டும் மீறினால் அந்த வீட்டின் நாள்வாடகைக்குத் தடை.

செயலாளர் கண்டி

டீச்சர், தம்பி சொன்னதில் பொறுப்பாளர் விதியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தண்டப் பணத்தை யார் போய் வசூலிப்பது? எங்கள் கட்டடத்தில் சாதாரண பராமரிப்புப் பாக்கியை வாங்கவே கடிதம் எழுதிக் கை சலித்துவிட்டது. வைப்புப் பணத்தை முற்கூட்டியே வாங்கி வைத்து, மீறினால் அதிலிருந்து கழிக்கும்படி எழுதுங்கள். எழுதியதை ஒரு சட்டத்தரணியிடம் காட்டாமல் கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.

மூன்றாம் மாடி டீச்சர்

வைப்புப் பணம் நல்ல யோசனை, அண்ணன். சட்டத்தரணியை நாளை பார்க்கிறேன். பொறுப்பாளர், ஆள் வரம்பு, கரியடுப்புத் தடை மூன்றையும் முதல் பிரேரணையாக வைக்கிறேன். ஏழு இரவை இரண்டாவதாகத் தனியே வைக்கிறேன். முதலாவது நிறைவேறினாலும் இரண்டாவதற்கு என் வாக்கு உண்டு. தம்பி போன்ற உரிமையாளர் எங்கள் கட்டடத்தில் ஒருவர்கூட இல்லை.

ஊவாக்காரன்

இரண்டாவதை உங்கள் கட்டடத்தில் நிறைவேற்றினால் அதே தாளைத் தூக்கிக்கொண்டு பண்டாரவளைக்கும் வருவார்கள் டீச்சர். அன்றைக்கு என் வாக்கு எதிராகத்தான் விழும்.