மலருக்குப் பொங்கல் குறிப்பு: எந்த ஆண்டுப் பொங்கலை எழுதுவது?

அன்புள்ள ஊரவர்களுக்கு வணக்கம்.

"ஊரின் பண்டிகைச் சாப்பாடு, பழைய முறை மாறாமல், வீட்டுக்கு ஒரு குறிப்பு" என்று, யாழ்ப்பாணத்து நம் ஊருக்கென அச்சாகப்போகும் மலரின் குழுத் தம்பிமார் இந்த மடற்குழுவில் கேட்டதும் இத்தனை மடல்கள் வந்து குவிந்துவிட்டன. சர்க்கரைப் பொங்கலுக்குப் பசுப்பாலா தேங்காய்ப்பாலா என்று லண்டன் அண்ணையும் மெல்பேர்ண் அக்காவும் இன்னும் ஓயவில்லை. நானும் எங்கள் வீட்டுக் குறிப்பை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எந்த ஆண்டுப் பொங்கல் என்று முடிவு செய்யாமல் முதல் வரியே வரவில்லை. அதனால் குறிப்புக்கு முன்னால் இந்த நீட்டு மடல். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அம்மம்மா பொங்கியது முற்றத்தில், மூன்று கல் வைத்து, மண்பானையில். சாணம் போட்டு மெழுகிய தரையில் உலக்கையைக் கிடத்தி, அதன் ஓரத்தால் அரிசிமாவை வழியவிட்டு நேர்கோடாகக் கோலம் இழுப்பார். அடுப்புக்குப் பனம்மட்டை, ஊமல், பொச்சு. பசு வளவிலேயே நின்றது, ஆகவே பானையில் முதலில் ஊற்றுவது பால். பிளம்ஸ் (உலர்ந்த திராட்சை) கிடையாது. பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடுகள் 1977க்குப் பிறகு தளர்ந்த பின்னர்தான் அது எங்கள் பானைக்குள் வந்தது. முதல் தடவை அதைக் கண்ட அம்மம்மா, "இதென்ன பொங்கலுக்குள் புழுக்கை" என்று கேட்ட கதையை அம்மா இன்றும் சொல்லிச் சிரிப்பார். இப்போது பிளம்ஸ் இல்லாமல் பொங்கினால் என் பிள்ளைகள் ஏதோ குறைகிறது என்பார்கள்.

பிறகு மின்சாரம் போன காலம். 1990இலிருந்து பொருளாதாரத் தடை, ஜாம் போத்தல் விளக்கு, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்த தேத்தண்ணீர். அதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இராணுவம் நெருங்க வலிகாமமே ஒரே இரவில் இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30ஐயும் சொல்ல வேண்டியதில்லை. இந்த மடற்குழுவில் பாதிப்பேர் அன்றிரவு நாவற்குழிப் பாதையில் மழைக்குள் நின்றவர்கள்தான். பசுவின் கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்தோம். எல்லாரும் அப்படித்தானே வந்தோம்.

1996 தைப்பொங்கல் எங்களுக்குத் தென்மராட்சியில், கொடிகாமத்துப் பக்கம், தூரத்து உறவுப் பெரியம்மா ஒருவரின் வளவில் நடந்தது. ஒரே வீட்டில் பல குடும்பங்கள், எல்லாருக்கும் ஒரு பானை. பயறு வாங்கும் விலையில் இல்லை. சர்க்கரைக்குப் பதில் பனங்கட்டி. பால் கேட்டு யாரிடம் போவது? ஆனால் தென்மராட்சி அல்லவா, தேங்காய்க்குக் குறைவில்லை. பெரியம்மா தன் மரத்துத் தேங்காய்களை உரித்துக் குவித்துவிட்டு, "பால் இல்லையெண்டு பொங்காமல் விடுறதே?" என்றார். பெண்கள் வரிசையாக இருந்து துருவினார்கள். இரண்டாம் பாலில் அரிசியைப் போட்டுப் பொங்கவிட்டு, தடித்த முதற்பாலை இறக்கும் நேரத்தில் விட்டார்கள். அப்படி ஒரு ருசியை நான் அதற்கு முன் சாப்பிட்டதில்லை.

சித்திரைக்குப் பிறகு ஊர் திரும்பினோம். கொஞ்சக் காலத்தில் இன்னொரு பசுவும் வாங்கினோம். ஆனாலும் அம்மா பொங்கலுக்குப் பசுப்பாலுக்குத் திரும்பவேயில்லை. கேட்டால் "ருசி பிடிச்சுப் போச்சு" என்பதோடு நிறுத்திவிடுவார். அந்தப் பெரியம்மாவின் கையை அவர் நினைத்துக்கொள்கிறார் என்று நான் எண்ணுகிறேன், அவர் அப்படிச் சொன்னதில்லை. என் மகள் தன் கொப்பியில் "அம்மம்மாவின் பாரம்பரியப் பொங்கல்" என்று தலைப்பிட்டு அழகாக எழுதி வைத்திருப்பது இந்தத் தேங்காய்ப்பால் பொங்கலைத்தான். இடம்பெயர்ந்த வளவில், கையில் இருந்ததை வைத்துப் பொங்கிய முறை ஒரே தலைமுறையில் பாரம்பரியம் ஆகிவிட்டது.

லண்டன் அண்ணை, மெல்பேர்ண் அக்கா, நீங்கள் இருவரும் சரி என்று நான் சொல்ல வருவது இதனால்தான். அண்ணை ஊரை விட்டது 1984இல் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். உங்கள் பொங்கல் அந்த ஆண்டோடு நின்றுவிட்டது, அதில் பசுப்பால்தான் இருக்கும். அக்கா அதற்குப் பிறகு நெடுங்காலம் ஊரில் இருந்தவர்.

கனடாவுக்கு வந்த பிறகு பொருள் கிடைப்பது பிரச்சினையாக இருக்கவில்லை. ஸ்காபறோக் கடைகளில் பனங்கட்டிக் குட்டான்கூட ஓலையோடு கிடைக்கிறது. இங்கே குழப்பமெல்லாம் வெயிலும் நெருப்பும் நேரமும்தான். ஜனவரி நடுப்பகுதியில் ரொறன்ரோவில் சூரியன் எழும்பவே எட்டு மணி ஆகப்போகும். அதற்குள் பெரியவர்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போயாக வேண்டும். ஒஸ்லோக்காரருக்கு அதுவும் ஒன்பது மணி தாண்டித்தான். மெல்பேர்ணில் நேர்மாறு: காலையில் நல்ல வெயில், முற்றமும் உண்டு, ஆனால் காட்டுத்தீ ஆபத்தென்று நெருப்புத் தடை விதித்த நாளில் வெளியில் விறகு மூட்ட முடியாது. ஒரே பொங்கல், ஒரு பக்கம் பனியும் மறுபக்கம் தடையும்.

எங்கள் வீட்டில் மின்னடுப்பில்தான் பொங்கல். முதல் ஆண்டுகளில் பால் வழிந்து சுருளில் விழுந்து கருகியதும் புகை அலாரம் கத்தும். சின்னவன் அதைச் சீனவெடிக்குப் பதிலாக வைத்த ஏற்பாடு என்றே நம்பியிருந்தான், நாங்களும் திருத்தவில்லை. பால் எந்தத் திசையில் வழிகிறது என்று பார்த்து அம்மா அந்த ஆண்டுக்குப் பலன் சொல்வார். ஒவ்வோர் ஆண்டும் வடக்கே வழிகிறது, குடும்பத்துக்கு நல்ல காலம் என்று மகிழ்ந்துகொண்டிருந்தோம். என் தம்பி ஒருநாள் மட்டப்பலகையை வைத்துப் பார்த்து, அடுப்பு வடக்குப் பக்கம் சரிந்திருக்கிறது என்றான். அம்மா அடுப்பைத் தொட விடவில்லை.

நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றுவதில் பெரிய வாக்குவாதம் நடந்தது. அம்மா அசையவில்லை. கடைசியில் இரண்டு பொங்கல் என்று ஆனது: உரிய நாளில் அம்மா தனியாகச் சின்னப் பானையில் பொங்கிப் படைப்பார், வருகிற சனிக்கிழமை எல்லாரும் கூடிப் பெரிய பானை. அதை நான் ஏற்றுக்கொண்டேன். நான் ஏற்றுக்கொள்ளாதது கடையில் தட்டு ஓடர் பண்ணிப் பொங்கலை இறக்குவது. தீபாவளிக்கு இடியப்பமும் இறைச்சிக்கறியும் கடையிலிருந்து வரட்டும், எனக்கு ஒன்றுமில்லை. பொங்கலில் சாப்பிடுவது கடைசி அலுவல். பானை பொங்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் ஆட்கள் சுற்றி நிற்கிறார்கள். அதைக் கடைக்காரர் தன் குசினியில் பார்த்துவிட்டால் எங்களுக்கு என்ன மிச்சம்?

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும், யாரும் கோபிக்கக் கூடாது. பழைய முறை மாறக்கூடாது என்று எழுதிய மடல்களை மறுபடி பார்த்தேன். பெரும்பாலும் அண்ணைமார்தான். அரிசி இடித்தவர்களும், மா அரித்தவர்களும், கண்ணெரிய அடுப்பூதியவர்களும் இந்த இழையில் வாயே திறக்கவில்லை. அம்மாவிடம் மண்ணடுப்புக்குத் திரும்புவீர்களா என்று கேட்டேன். "உனக்கென்ன விசரோ?" என்றார்.

தீபாவளியில் அது இன்னும் வெளிப்படை. ஊரில் ஆண்களுக்குத் தீபாவளி என்றால் ஆட்டுப் பங்கு. நாலைந்து வீட்டார் சேர்ந்து ஆடு வாங்கி, விடிய முதல் வேப்பமரத்தடியில் பங்கு போட்டு, ஓலைப்பட்டையில் கொண்டு வந்து தருவார்கள். சிறிமாவோ காலத்தில் வெளி மிளகாயும் வெங்காயமும் வராமல் தோட்டம் செய்த எங்கள் ஊரவர் கையில் காசு புழங்கியபோது பங்கும் பெருத்தது என்று அப்பா சொல்வார். ஆனால் வீட்டுப் பெண்கள் கேதாரகௌரி விரதத்தில் இருபத்தொரு நாளும் இருந்து, காப்புக் கட்டி முடிக்கிற நேரம் அது. தாங்கள் தொடாத இறைச்சியை, கொல்லையில் தனி அடுப்பு மூட்டி, மச்சச் சட்டியில் (மீன், இறைச்சிக்கென்றே வைத்த சட்டி) காய்ச்சிக் கொடுத்தார்கள். இரத்த வறையும் அதில் அடக்கம். இன்று ஸ்காபறோவில் இறைச்சிக்கடைக்காரர் வெட்டியே தருகிறார். பங்கு இல்லை, பட்டை இல்லை, கூப்பாடு இல்லை. சமைப்பது என் தம்பி. தீபாவளி வெள்ளிக்கிழமையில் விழுந்தால் மட்டும் பழைய சிக்கல் திரும்பி வரும். 2010இல் அப்படித்தான் நவம்பர் 5 வெள்ளியாக வந்தது. பிள்ளைகள் பள்ளியால் வந்து, தீபாவளிக்கு ஏன் சாம்பார் என்று கேட்டார்கள். இறைச்சி சனிக்கிழமைக்குப் போனது.

எங்கள் வீட்டின் ஆகப் பெரிய சாப்பாடு இப்போது எது தெரியுமா? டிசம்பர் 25. சைவசமயக் குடும்பம், ஆனால் எல்லாருக்கும் ஒரேயடியாக விடுமுறை கிடைப்பது அன்றைக்குத்தான். மச்சான் முதலில் டர்க்கி (வான்கோழி) வாங்கி வந்தபோது அதை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. வெள்ளைக்கார முறையில் சுட்டோம், பஞ்சு மாதிரி இருந்தது. அடுத்த முறை துண்டாக வெட்டிக் கறியாக வைத்தோம், அது பரவாயில்லை. இப்போது என் மூத்தவன் உள்ளியும் தேசிக்காய்ப் புளியும் எங்கள் கறித்தூளும் பூசி முதல்நாளே ஊறவைத்துச் சுடுகிறான், மிஞ்சியது மறுநாள் கொத்துரொட்டி. அந்தக் கொத்துக்காகவே சிலர் இரவு தங்கிவிடுகிறார்கள். சில ஆண்டுகளில் அந்த நாள், மார்கழித் திருவாதிரையோடு முடியும் திருவெம்பாவை விரத நாட்களுக்குள் வந்துவிடும். 2023இல் திருவாதிரை டிசம்பர் 27 என்பதால் அப்படி வந்தது. அன்று மேசை இரண்டானது: ஒரு மேசையில் டர்க்கி, மற்ற மேசையில் அம்மாவும் மாமியும் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். வழமையாக அம்மாவோடு ஒட்டிக்கொண்டு சாப்பிடும் பேரப்பிள்ளைகள் அன்று இரண்டு மேசையிலும் சாப்பிட்டார்கள்.

ஆடிப்பிறப்பு எங்கள் வீட்டில் தேய்ந்துவிட்டது. நடு ஜூலை, வேலைநாள். கூழுக்குப் பயறு வறுத்து, தேங்காய்ச் சொட்டு வெட்டி, மாவுருண்டை பிடித்து, பல்லுப் பல்லாய் விளிம்பு வைத்துக் கொழுக்கட்டை அவிக்க இப்போது யாருக்கு நேரம்? "ஆடிப்பிறப்புக்கு நாளை விடுதலை" என்ற பாட்டு உங்கள் எல்லாருக்கும் பாடம், கூழ் காய்ச்சத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று கைகளை உயர்த்துங்கள் பார்ப்போம். அதற்குப் பதிலாக, ஊரில் பண்டிகையோடு சம்பந்தமே இல்லாத ஒடியற் கூழ் (காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவது) இங்கே கோடை ஒன்றுகூடலின் நாயகனாகிவிட்டது. நண்டு, இறால், மீன்தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டுப் பூங்காவில் பெரிய கிடாரத்தில் காய்ச்சுகிறோம். ஊரில் அது சும்மா ஒரு பின்னேரம் ஆட்கள் சேர்ந்தால் காய்ச்சுவது. இங்கே பிறந்த பிள்ளைகள் அதைத்தான் ஊரின் திருவிழாச் சாப்பாடு என்று நினைக்கிறார்கள். பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்திக் குடித்த கதையைச் சொன்னால், காகிதக் கோப்பையைப் பிடித்தபடி தலையாட்டுகிறார்கள்.

ஆகவே மலர்க்குழுத் தம்பிமாருக்கு ஒரு யோசனை. "பழைய முறை" என்ற தலைப்பை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு குறிப்பின் மேலும் இடத்தையும் ஆண்டையும் போடச் சொல்லுங்கள். பசுப்பாலும் தேங்காய்ப்பாலும் பக்கத்துப் பக்கத்தில் அச்சாகட்டும். சமைத்தவரின் பெயரையும் போடுங்கள், குறிப்பை அனுப்பியவரின் பெயரை மட்டுமல்ல.

எங்களுடையது இதோ.

கொடிகாமம், 1996 (ஸ்காபறோவில் திருத்தியது). ஒரு சுண்டு (அரிசி அளக்கும் சிறு அளவை) பச்சரிசிக்குக் கால் சுண்டு பயறு, வறுத்துக் கோது நீக்கியது. 1996இல் பயறு இல்லை, பிறகு சேர்ந்தது. தேங்காய்ப்பால் ஒரு பேணி (தகர டின்): பாதியை நாலு மடங்கு தண்ணீரில் கரைத்துப் பொங்கவிடுங்கள், மீதிப் பாதி கடைசியில். பொங்கியதும் அரிசியையும் பயற்றையும் போட்டு, நன்றாகக் குழைந்த பின்னர் மட்டும் சர்க்கரை, ஒரு சுண்டுக்குக் கால் கிலோ. முன்னதாகப் போட்டால் அரிசி அவியாமல் விறைத்து நிற்கும். பனங்கட்டி என்றால் கரைத்து வடித்து ஊற்றுங்கள், அடியில் மண் இருக்கும். ஏலக்காய், ஒரு கிள்ளு உப்பு, வறுத்த கஜு (முந்திரிப்பருப்பு), பிளம்ஸ். தண்ணீர் காணாவிட்டால் கொதிநீர் மட்டும் விடுங்கள்.

ஆடிக்கூழுக்கு என்னிடம் கேட்க வேண்டாம். ஒஸ்லோ மாமிக்கு இன்னும் கை மறக்கவில்லை என்று கேள்வி. மாமி, இந்த மடலைப் பார்த்தால் மாதக் கடைசிக்குள் அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் தம்பிமார் மலரை அச்சுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அன்புடன்,
ஸ்காபறோவிலிருந்து உங்கள் ஊர்க்காரி