செங்குத்துப் பாறையில் ஒட்டிப்போகும் கோடுகள்: சுமைக்கோடா, தொகுகோடா?

> பல சமவுயரக் கோடுகளை ஒன்றே சுமந்து செல்வதால் 'சுமைக்கோடு' எனலாம்.

வணக்கம் ஐயா. நிலப்படத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை சமவுயரக் கோடுகள் (contours). செங்குத்துப் பாறையில் அவை ஒன்றாகிவிடும் இடத்தில் வரையும் ஒற்றைக் கோட்டுக்கு (carrying contour) நீங்கள் சொன்ன 'சுமைக்கோடு' என்ற பெயரில் எனக்கு உடன்பாடில்லை. சுமைக்கோடு என்றதும் கப்பலின் பக்கவாட்டில் சரக்கின் அளவுக்குப் போடும் குறிதான் நினைவுக்கு வருகிறது. நிலப்படத்தில் இந்தக் கோட்டின் வேலையைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம்.

அமெரிக்காவின் மானுமென்ட் பள்ளத்தாக்கில் மிட்டன் குன்றுகளுக்கு அடியில் ஆர்கன் ராக் களிப்பாறைச் சரிவு. அதன்மேல் டி ஷே மணற்பாறை சுவர்போல நிற்கிறது. 1:24,000 அளவை நிலப்படத்தில் 40 அடி உயரத்துக்கு ஒரு கோடு என்று வையுங்கள். 35 பாகைச் சரிவில் கோட்டுக்குக் கோடு ஏறத்தாழ 0.7 மி.மீ. இடைவெளி கிடைக்கும். 80 பாகையில் 0.09 மி.மீ.தான், அச்சுக் கோட்டின் தடிமனே அவ்வளவு இருக்கும். அதனால் இடைக்கோடுகளை மெலியவிட்டு நிறுத்திவிட்டு, 200 அடிக்கொரு தடித்த கோட்டை மட்டும் கொண்டுபோவார்கள். அதே 80 பாகையில் அவற்றுக்கிடையே 0.45 மி.மீ. உண்டு. 88 பாகையில் அவையும் 0.09-க்கு நெருங்கிவிடும். அங்கேதான் பல உயரங்களுக்கு ஒரே கோடு.

ஆக, செயல் இரண்டு. முதலாவதற்கு 'இடைக்கோடு விடுதல்' போதும். இரண்டாவதற்கு என் பரிந்துரை 'தொகுகோடு'. வினைத்தொகை, 'ஊறுகாய்' போல நாவில் தங்கும். முன்பு பரிந்துரையாக வந்த 'இணைகோடு' வேண்டவே வேண்டாம், பள்ளிக் கணக்கில் அதற்கு வேறு பொருள்.

> இரண்டாவதற்கு என் பரிந்துரை 'தொகுகோடு'.

ஏற்கலாம். 1902-இல் கிராண்ட் கேன்யனை அளக்கத் தொடங்கிய நிலப்பட வல்லுநர் பிரான்சுவா மத்தேஸ் கையாண்டது 1:48,000 அளவை, 50 அடி இடைவெளி. நெரிசல் அங்கே இன்னும் அதிகம்.

விளக்கத்தில் கணினி வேலையையும் சேர்க்க வேண்டும். பழைய நிலப்படத் தாளைக் கணினிக்காக எண்மமாக்குபவர் (digitise) தொகுகோட்டை ஒருமுறை வரைந்து ஒரே உயரம் கொடுத்துவிட்டால், மற்ற கோடுகள் பாறையடியில் அறுந்து நிற்கும். அந்தக் கோடுகளிலிருந்து கணினி உருவாக்கும் உயர மாதிரியில் (DEM) அந்த இடம் படிக்கட்டாகிவிடும். ஒவ்வோர் உயரத்துக்கும் அதே புள்ளிகளைப் படியெடுத்துத் தனிக்கோடாக்க வேண்டும். பிழைச்சோதனையில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதை அனுமதித்து, வெட்டிக்கொள்வதை மட்டும் பிழையாகக் காட்டச் சொல்லுங்கள். 10 மீட்டர் கட்டத்துக்கு ஓர் உயரம் மட்டும் பதிந்த மாதிரியிலிருந்து தானாக வரையும் கோடுகளில் தொகுகோடே வராது. பாறைமுகம் சரிவாகப் பரவிவிடுவதுதான் காரணம்; படம் அழகாக இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது.

தொகுகோட்டின் மேல் உயர எண் எழுதுவதும் தவறு, எந்த உயரம் என்று புரியாது. உச்சித் தளத்தில் ஓர் உயரப்புள்ளி போதும்.

கலைச்சொல் பட்டியலுக்கு: தொகுகோடு – செங்குத்து முகத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழும் இரண்டோ மேற்பட்டோ சமவுயரக் கோடுகளுக்காக வரையும் ஒற்றைக் கோடு.