மார்கழிப் பனியில் வீட்டோடு இருந்து எழுதிய நாட்கள்: உங்கள் அனுபவம் என்ன?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

மார்கழியின் கடைசி வாரம். எங்கள் கடலூர் கெடிலம் பாலத்தில் நின்றால் ஆறு தெரியவில்லை. காலை ஏழு மணி தாண்டியும் பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. அம்மாவைப் பெற்ற ஆயாவுக்கு மூச்சிழுப்பு கண்டுவிட்டதால் நான் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். கதை எழுதும் என் வயதுக்காரர்கள் பலர், வீட்டில் உட்கார்ந்தால் ஒரு வரி ஓடுவதில்லை என்கிறார்கள். எனக்கு அந்த வாரம் எழுத்தைக் கொடுத்ததே வீடுதான். அதனால்தான் இதைச் சொல்ல வந்தேன்.

விடியற்காலை மூன்று மணிக்கு மேல் ஆயாவால் படுக்க முடியாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். மருத்துவர் கொடுத்த இன்ஹேலரை முதலில் கொடுப்பேன். அப்புறம் அவர் ஆசைக்கு நொச்சித் தழை போட்ட வெந்நீரில் கொஞ்சம் ஆவி. மூச்சு அடங்கியதும், “நீ எழுது பாப்பா, விளக்கு எரிந்தால் எனக்கும் துணை” என்பார். நாலரைக்குப் பாடலீஸ்வரர் கோயில் பக்கமிருந்து திருவெம்பாவை கேட்கும்வரை வீட்டில் எங்கள் இருவரையும் தவிர யாரும் விழித்திருக்கமாட்டார்கள். நோட்டுத் தாள் பனியில் நமுத்து, மைப்பேனா தொட்ட இடமெல்லாம் ஊறியது. பென்சிலுக்கு மாறினேன். பிறகு அம்மா எழுந்து வாசல் தெளிப்பார். கோலமாவும் நமுத்து விரலிடுக்கில் இறங்காமல் கட்டியாக விழும் என்பதால், டப்பாவை இரவே அடுப்பு மேடையில் வைத்திருப்பார். கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் பூசணிப் பூவைச் செருகுவது மட்டும் என் வேலை.

இந்த நிலையில் மாமா வந்து சேர்ந்தார். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர். முந்திரி பூவெடுக்கும் பருவத்தில் தோப்பை விட்டு அசையாதவர், தன் அம்மாவுக்கு முடியவில்லை என்றதும் வந்துவிட்டார். எழுந்ததும் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். “பனி பெய்யட்டும் அம்மாடி, வெயில் ஏறினால் போய்விடும். பனியோடு மப்பும் மந்தாரமுமாக நின்றால்தான் முந்திரியில் தேயிலைக் கொசு என்கிற பூச்சி இறங்கும். அது இளந்தளிரிலும் பூங்கொத்திலும் சாற்றை உறிஞ்சிவிட்டால் அப்படியே கருகிவிடும்” என்றார்.

ஒரு நாள் விடியலில் பேச்சு ‘தானே’ என்று பெயரிட்ட புயலுக்குப் போனது. 2011 டிசம்பர் 30. எனக்கு அப்போது எட்டு வயது. ஓடுகள் பறந்த சத்தம் மட்டும் நினைவிருக்கிறது. மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வேகத்தில் காற்று, புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிய காலை அது. மாமா சொன்னார்: “காற்று நின்றதும் தோப்புக்குள் போனேன். வானம் தெரிந்தது. பிறந்ததிலிருந்து அந்தத் தோப்புக்குள் நின்று நான் முழு வானத்தைப் பார்த்ததே இல்லை.” தாத்தா நட்ட முந்திரியும் பலாவும் வேரோடு படுத்துக் கிடந்திருக்கின்றன. சுற்று வட்டாரம் முழுக்க மரம் சாய்ந்ததால் விறகுக்குக்கூட வாங்க ஆளில்லை. பிறகு ஒட்டுக்கன்று வாங்கி நட்டு, மூன்றாம் வருஷம் முதல் பூவைப் பார்த்திருக்கிறார். அந்தப் பூவுக்காகத்தான் இப்போதும் வானத்தைப் பார்க்கிறார்.

ஆயா அதுவரை பேசவே இல்லை. கையை விளக்குக்கு நேரே நீட்டிக் காட்டினார். இத்தனை வருஷம் அந்தக் கையால் சோறு வாங்கித் தின்றிருக்கிறேன். அன்றுதான் கூர்ந்து பார்த்தேன். விரல்நுனிகளில் ரேகையே இல்லை. கட்டைவிரல் ஓரத்தில் நகத்தை ஒட்டிப் பழைய கறுப்பு. முந்திரிக்கொட்டையை வறுத்து உடைக்கும்போது ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் தின்றுவிடும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் தப்பாது. ரேஷன் கடைக் கருவி ஆயாவின் விரலை ஏற்காதது வயதினால் என்று நான் நினைத்திருந்தேன். “தோப்பு போனபோது எல்லாரும் அழுதார்கள். எனக்கு முதலில் வந்தது, இனிக் கொட்டை உடைக்க வேண்டாம் என்ற நினைப்புதான்” என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் அது புதிய செய்தி.

எழுதிக்கொண்டிருந்த வேறொரு கதையை ஓரமாக வைத்துவிட்டு அன்றே இதைத் தொடங்கினேன்.

புதுச்சேரி, முத்தியால்பேட்டையிலிருந்து:

உங்கள் ஆயாவுக்கு என் வணக்கம். எங்கள் வீட்டில் பனி வாரம் தொலைபேசி வழியாக வந்தது. புதுச்சேரி பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குச் சட்டப்படி வந்த 1962 அதிகார மாற்றத்துக்குப் பின் தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர். அந்த வழியில் அண்ணன் இப்போது பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்கில் இருக்கிறான். அங்கே உறைபனி கொட்டிய வாரம், இங்கே வெறும் மூடுபனிக்கே நான் மப்ளர் சுற்றிக்கொண்டு நாவலின் ஓர் அத்தியாயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். என் கதாநாயகனும் அந்த ஊரில் இருப்பவன் என்பதால் தினமும் அண்ணனைக் குடைவேன். சாலையில் உப்புத் தூவுவார்கள், அவரவர் வீட்டு முன்னாலிருக்கும் நடைபாதையை அவரவரே காலையில் ஒதுக்கிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொன்னான். பக்கத்தில் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்ற அம்மா, “அப்படியானால் அங்கேயும் விடிந்ததும் வாசலுக்குத்தான் வர வேண்டும். யார் செய்கிறார்கள்? நீயா, உன் மனைவியா?” என்று கேட்டார். அண்ணன் பதில் சொல்லக் கொஞ்சம் நேரமாயிற்று. “நான்தான் அம்மா” என்றான். இங்கே ஒரு நாளும் துடைப்பத்தைத் தொடாதவன். அம்மாவின் முகத்தில் அன்று பார்த்த பெருமையை அப்படியே அத்தியாயத்தில் வைத்துவிட்டேன். பனியைப் பற்றி நான் எழுதியிருந்த வருணனைகளில் பாதி தானாக உதிர்ந்துவிட்டது. அவை இல்லாமலே அத்தியாயம் நன்றாக நிற்கிறது.

தேவனாம்பட்டினத்திலிருந்து:

அப்பா கடலுக்குப் போகிறவர். பனி இறங்கிய நாளில் விடிகிற வெள்ளாப்பு நேரத்துக்கு அம்மா வேலை எதையும் கையில் எடுக்கமாட்டார். கரை எந்தப் பக்கம் என்பதை ஜிபிஎஸ் சொல்லிவிடும். எதிரே வரும் சின்னப் படகை அது சொல்லாது. அப்பாவின் குரல் கேட்கும்வரை நானும் திண்ணையில் உட்கார்ந்து கவிதை எழுதுவேன். பெரும்பாலும் முடியாது. ஆனாலும் அந்த நேரத்தில் எழுதிய வரிகளை நான் ஒருபோதும் அடித்ததில்லை. சகோதரி, ஆயா கதை முடிந்ததா?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

முடிந்தது. ஆயாவுக்கு இழுப்பு தணிந்துவிட்டது. ஆனால், “தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும், இன்னும் இருக்கிறது” என்று எச்சரித்துக்கொண்டே இருக்கிறார். கதையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கொட்டை வறுக்கும் இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் அடுப்பு முன்னால் உட்கார வேண்டும், புகை முகத்தில் அடித்தால் தோல் உரியும், அது உன் கதையில் இல்லையே என்றார். அவர் சொன்னபடியே சேர்த்துவிட்டேன்.

தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு மாமா வருகிறார். தென்பெண்ணைக் கரையில் சாமி பார்த்து, சுருளிக் கிழங்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் அவரை உட்காரவைத்து வாசிக்கப்போகிறேன். தோப்பில் வானம் தெரிந்த இடத்தை அவர் கேட்டுச் சரி என்ற பிறகுதான் பத்திரிகைக்கு அனுப்புவேன்.