33550336 ஏன் நிறைவெண்?

ஈசூன் அப்பா:
உயர்நிலை மூன்றில் பயிலும் என் மகன் நேற்றிரவு 33550336 என்று ஒரு தாளில் எழுதி நீட்டினான். எட்டு இலக்கம் இருந்ததால், இது யாருடைய தொலைபேசி எண் என்றுதான் முதலில் கேட்டேன். இது ஐந்தாவது நிறைவெண் என்றும், தன்னைத் தவிர்த்த வகுஎண்களை எல்லாம் கூட்டினால் இதே எண் வரும் என்றும் விளக்கினான். 6-க்கு 1+2+3 என்று பார்த்தவுடன் புரிகிறது. இதையோ கணிப்பான் 2¹²×8191 என்று பகுத்துக் காட்டுகிறது. இருபத்தைந்து வகுஎண்களையும் ஒவ்வொன்றாகக் கூட்டாமல் மெய்ப்பிக்க வழி உண்டா?

ஓய்வுபெற்ற கணக்காசிரியர்:
உண்டு ஐயா. வகுஎண்களை இரண்டு கட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 1, 2, 4 எனத் தொடங்கி 4096 வரை இரட்டித்துச் செல்லும் பதின்மூன்று எண்களின் கூட்டுத்தொகை 8191. அடுத்த கட்டில் 8191, அதன் இருமடங்கு, நான்மடங்கு என 2048 மடங்கு வரை பன்னிரண்டு எண்கள் வரும். அவற்றின் தொகை 8191×4095. முதற்கட்டு இன்னொரு 8191-ஐக் கொடுத்துவிடுவதால் மொத்தம் 8191×4096 ஆகிறது, அதுவே 33550336.

இவ்வளவும் 8191 ஒரு பகா எண் என்பதை நம்பியே நிற்கிறது. 8191 என்பது 2¹³−1. அந்த அடுக்கில் 13-க்குப் பதில் 11-ஐ வைத்துப் பாருங்கள்: 2¹¹−1 = 2047 பார்வைக்குப் பகா எண் போலிருந்தாலும் 23×89 என்று உடைந்துவிடும். எனவே 1024×2047 = 2096128 என்ற எண்ணுக்குக் கூடுதல் வகுஎண்கள் முளைத்து, தொகை 2325392 ஆகப் பெருகி, அது மிகையெண் (வகுஎண்களின் தொகை தன்னைவிட மிகுந்த எண்) வகையில் போய்ச் சேர்கிறது. இந்த வழியைக் காட்டியவர் யூக்ளிட். இரட்டைப்படை நிறைவெண்கள் அனைத்தும் இவ்வடிவிலேயே அமையும் என்று நிறுவியவர் ஆய்லர். ஒற்றைப்படையில் ஒன்றேனும் உண்டா என்பது இன்றும் தீராத வழக்கு.

எண்பித்தன்:
பழைய நம்பிக்கை ஒன்றைக் கவிழ்த்த எண்ணும் இதுவே. 6, 28, 496, 8128 என்ற நான்கையும் அறிந்திருந்த பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் நிக்கோமாக்கஸ், ஒவ்வோர் இலக்க அளவிலும் ஒரு நிறைவெண் இருக்கும் எனக் கருதினார். ஐந்தாவதோ ஐந்து இலக்கத்தில் நில்லாமல் எட்டுக்குத் தாவிவிட்டது. மற்றபடி, இது 1 முதல் 8191 வரையிலான எண்களின் கூட்டுத்தொகை, ஆகவே முக்கோண எண். 1 முதல் 127 வரையுள்ள அறுபத்து நான்கு ஒற்றை எண்களின் கனங்களைக் கூட்டினாலும் இதுவே வரும். இரும முறையில் எழுதினால் பதின்மூன்று ஒன்றுகளும் அவற்றைத் தொடர்ந்து பன்னிரண்டு சுழியங்களும் வரிசையாக நிற்கும். இலக்கங்களின் கூட்டுத்தொகை 28, அதுவும் நிறைவெண்! இது தற்செயல்தான் என்றாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

ஈசூன் அப்பா:
இருவருக்கும் நன்றி. 8191 பகா எண்தானா என்று பார்க்க, மகன் 3-இல் தொடங்கி ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துக்கொண்டிருக்கிறான். 89 வரை போக வேண்டுமாம்.

ஓய்வுபெற்ற கணக்காசிரியர்:
தம்பியை நிறுத்தச் சொல்லுங்கள். 2¹³−1-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 26-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும். 90-க்குள் அப்படிப்பட்டவை 27, 53, 79 மட்டுமே. அவற்றுள் 27 பகா எண் அன்று. 53-ஆல் வகுத்தால் 29 மிஞ்சும், 79-ஆல் வகுத்தால் 54 மிஞ்சும். இரண்டே வகுத்தல் போதும்.