வெள்ளம் வடிந்து மூன்று வாரம் ஆகிறது, சுவர் காயவில்லை. பெயின்ட் அடிக்கலாமா?

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டுக்குள் இரண்டரை அடி தண்ணீர் ஏறி இரண்டு நாள் நின்றது. வடிந்து இன்றோடு மூன்று வாரம். சேற்றை அள்ளிக் கழுவிவிட்டோம், மெத்தை தலையணையை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டோம். நாங்கள் இருவரும் இரண்டு பிள்ளைகளும் அம்மாவும் இப்போது அக்கா வீட்டில் இருக்கிறோம். அவர்கள் முகம் கோணாமல்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனாலும் எத்தனை நாளைக்கு?

பிரச்சினை சுவர்தான். தண்ணீர் நின்ற கோடு இரண்டரை அடியில் தெரிகிறது, ஈரமோ அதற்கு மேல் ஒரு முழம் ஏறி நிற்கிறது. சீக்கிரம் குடிவர வேண்டும் என்ற அவசரத்தில் போன வாரம் கூடத்தில் ஒரு சுவருக்குப் பட்டி பார்த்து பெயின்ட் அடித்தோம். ஐந்தாம் நாளே கொப்புளம் கொப்புளமாக உப்பிவிட்டது. ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே ஈரம், வெள்ளையாக மாவு மாதிரி ஏதோ உதிர்கிறது. மூலையில் கறுப்புப் புள்ளிகளும் வந்திருக்கின்றன. ஈரம் தடுக்கும் பெயின்ட் இன்னொரு கோட் அடித்தால் நின்றுவிடும் என்கிறார் பெயின்டர். அடிக்கலாமா?

இன்னொன்று. அம்மாவின் தையல் மெஷின் முழுக்க மூழ்கிவிட்டது. காலால் மிதிக்கும் பழைய வகை. சக்கரம் அசையவே இல்லை. அதில் தைத்துத்தான் எங்களை வளர்த்தார். தூக்கிப் போட்டுவிடலாம் என்று நாங்கள் சொன்னதிலிருந்து அம்மா சரியாகப் பேசுவதில்லை. வழி இருந்தால் சொல்லுங்கள்.

பதில் (கட்டட வேலை செய்பவர்)

அடிக்காதீர்கள் சகோதரி. இப்போது எந்தப் பெயின்ட்டும் வேண்டாம்.

செங்கல்லும் பூச்சும் விளக்குத் திரி மாதிரி. கீழே இருக்கும் நீரை மேலே இழுக்கும். அதனால்தான் கோட்டைத் தாண்டி ஈரம் ஏறியிருக்கிறது. அந்த நீர் வெளிமுகத்துக்கு வந்து காயும்போது கூடவே கரைந்து வந்த உப்பு அங்கே தங்கிவிடும். நீங்கள் பார்த்த வெள்ளை மாவு அதுதான். ஈரம் தடுக்கும் பெயின்ட்டை மேலே அடித்தால் வெளியேற வேண்டிய ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். உப்பு உள்ளிருந்து தள்ளும், பூச்சே கழன்று வரும். இரண்டாவது முறை செலவு செய்துவிட்டு அழுதவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெயின்ட்டையும் பட்டியையும் சுரண்டி எடுங்கள். அப்புறம் ஒரு நாணயத்தால் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியாகச் சத்தம் வந்தால் பூச்சு பிடித்திருக்கிறது. பொள்ளலாகக் கேட்டால் உள்ளே விட்டுவிட்டது, அதைக் கொத்தி எடுத்துவிட வேண்டும். ஈரம் ஏறிய இடத்துக்கு மேலும் ஒரு அடி வரை தட்டிப் பாருங்கள். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ளிக் கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும்.

எப்போது காயும்? ஒரு அங்குல கனத்துக்கு ஒரு மாதம் என்பது எங்கள் தொழிலில் ஒரு தோராயக் கணக்கு. இரண்டு பக்கமும் காற்றுப் பட்டால் குறையும். ஒன்பது அங்குலச் சுவர் என்றால் நாலைந்து மாதம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஹீட்டர் வைத்து வேகமாகக் காயவைக்க வேண்டாம், வெடிப்பு விடும். வெளியே வெயில் அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து, ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். மழை நாளில் மூடிவிடுங்கள்.

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒன்றரை அடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பிரியுங்கள். தாளின் உட்பக்கம் துளி இருந்தாலோ அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ சுவர் இன்னும் காயவில்லை.

பதில் (எலக்ட்ரீஷியன்)

ஃபேன் வைக்கும் முன் ஒன்று கேட்கிறேன். மெயினைப் போட்டுவிட்டீர்களா? நீரில் மூழ்கிய சுவிட்ச், சாக்கெட், பிரேக்கர் எதையும் துடைத்துக் காயவைத்துத் திரும்ப மாட்டக் கூடாது. பிரேக்கருக்குள் சேறு புகுந்திருந்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகும் நேரத்தில் அது விழாமல், மின்சாரத்தைத் துண்டிக்காமல் போகலாம். எல்லாவற்றையும் மாற்றி, ஒயரின் இன்சுலேஷனை (மேலுறையை) மெக்கர் என்ற சோதனைக் கருவி வைத்துச் சோதித்த பிறகே மின்சாரம். சுவர் எப்படியும் திறந்துதான் இருக்கிறது, சாக்கெட்டுகளை நாலு அடி உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

கேட்டவர்

மெயினைப் போட்டு ஒரு வாரம் ஆகிறது, அண்ணா. படித்ததும் கை நடுங்கிவிட்டது. இவர் உடனே போய் அணைத்துவிட்டு வந்தார். ஆள் வந்து சோதிக்கும் வரை தொட மாட்டோம். மூலையில் இருக்கும் கறுப்புப் புள்ளியை பிளீச்சிங் போட்டுத் துடைக்கலாமா?

பதில்

அது பூஞ்சை. ஈரமாக இருந்தால் ஒன்றிரண்டு நாளிலேயே வளரத் தொடங்கிவிடும். காய்ந்த துணியால் தேய்த்தால் அதன் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். டைல்ஸ் போன்ற வழவழப்பான இடமென்றால் நாலு லிட்டர் தண்ணீரில் ஒரு கப் திரவ பிளீச் கலந்து துடைக்கலாம். கையுறையும் என்95 முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். கழிப்பறை ஆசிட், அம்மோனியா எதோடும் பிளீச்சைக் கலக்கவே கூடாது, விஷவாயு வரும். பூச்சுக்குள் இறங்கிய பூஞ்சை மேலே துடைப்பதால் போகாது, அந்தப் பூச்சையே எடுக்க வேண்டும். பிள்ளைகள் யாருக்காவது வீசிங் இருந்தால் வேலை முடியும் வரை அங்கே அழைத்துப் போகாதீர்கள்.

பதில் (தையல்காரர்)

மெஷினைத் தூக்கிப் போடாதீர்கள் அக்கா. மோட்டார் இல்லாதது உங்கள் நல்ல நேரம்.

ஊசி, பாபின், பக்கத் தகடு எல்லாவற்றையும் கழற்றுங்கள். பாபின் இருக்கும் குழியில்தான் வண்டல் கெட்டியாக இறுகியிருக்கும், பெரும்பாலும் சக்கரத்தைப் பிடித்திருப்பது அதுதான். நல்ல தண்ணீரில் பழைய டூத்பிரஷ்ஷை நனைத்துச் சேற்றை எடுத்து, துடைத்து நன்றாகக் காயவையுங்கள். அப்புறம் எண்ணெய் விடும் துளை ஒவ்வொன்றிலும் நாலு சொட்டு மண்ணெண்ணெய். திறந்த வெளியில், அடுப்பு விளக்கு பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். ஒரு இரவு ஊறட்டும். காலையில் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். பலம் போட்டால் உள்ளே ஏதாவது உடைந்துவிடும். அசையவில்லையா, மறுபடி சொட்டு விட்டு இன்னொரு இரவு. சுழன்றதும் மண்ணெண்ணெயைத் துடைத்துவிட்டு மெஷின் ஆயில் விடுங்கள். தோல் பெல்ட் புதிதாகத்தான் வாங்க வேண்டும். மரப் பலகையை வெயிலில் வைக்காதீர்கள், நிழலில் காயட்டும்.

முடிந்தால் அம்மாவையே செய்யச் சொல்லுங்கள். அவர் கைக்கு அந்த மெஷின் தெரியும்.

கேட்டவர் (பத்து நாள் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. கூடத்தில் முக்கால்வாசிப் பூச்சு பொள்ளலாகத்தான் கேட்டது, கொத்தி எடுத்துவிட்டோம். செங்கல் தெரியத் தெரிய அந்த நாற்றம் பாதி குறைந்துவிட்டது. ஒயரிங் சோதனையில் கீழ் சாக்கெட் எல்லாம் கெட்டுப் போயிருந்தன, மாற்றி ஏற்றிவிட்டோம். நாலு மாதத்துக்கு அக்கா வீட்டுப் பக்கத்திலேயே சின்னதாக ஓர் இடம் வாடகைக்குப் பார்த்திருக்கிறோம்.

மெஷின் மூன்றாம் இரவுக்குப் பிறகு கால் வட்டம் அசைந்தது. ஐந்தாம் நாள் முழுச் சுற்று வந்தது. அம்மா யாரையும் தொட விடவில்லை. பெல்ட் மாட்டியதும் கிழிந்த தலையணை உறை ஒன்றை எடுத்து, விளிம்பு நெடுக ஒரு தையல் ஓட்டிப் பார்த்தார். அன்று இரவுதான் எங்களோடு பழையபடி பேசினார்.

படுக்கையறைச் சுவரில் ஒட்டிய தாளைப் பிரித்தபோது உள்ளே இன்னும் துளி இருந்தது. புதுத் தாள் ஒட்டித் தேதி எழுதி வைத்திருக்கிறோம்.