பள்ளி வாரிய ரீகால் (அமெரிக்காவில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரிய உறுப்பினரைப் பதவிக்காலம் முடியும் முன்பே வாக்களித்து நீக்குவது): உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

மீனா, சான் பிரான்சிஸ்கோ:
2022 பிப்ரவரி ரீகால்தான். எங்கள் பள்ளி வாரிய உறுப்பினர் மூவர் அதில் பதவி இழந்தார்கள். அப்போது எனக்குக் குடியுரிமை இல்லை. ஆனாலும் இந்நகரில் பிள்ளை வளர்ப்பவர்களுக்குப் பள்ளி வாரியத் தேர்தலில் மட்டும் ஓட்டு உண்டு. 2016-இல் நகரத்தார் வாக்களித்துத் தந்த உரிமை அது. பதிவு செய்யப் போனால் ஓர் எச்சரிக்கை: நாம் தரும் பெயரும் முகவரியும் குடிவரவுத் துறையின் கைக்குப் போகலாம். பேனா அந்த வரியிலேயே நின்றுவிட்டது. "விசா புதுப்பிக்கிற நேரத்தில் இது தேவையா?" என்றார் கணவர். கையெழுத்துப் போட்டேன், ஓட்டும் போட்டேன். விசா வரும்வரை தூக்கமில்லை. ஒரு தாய்க்கு இந்தப் பயத்தை ஏன் வைத்தார்கள் என்ற கோபம் இன்னும் ஆறவில்லை.

செல்வம், கலிபோர்னியா:
நான் வீடு வீடாக ரீகால் மனுவோடு போனவன். எங்கள் வட்டாரத்தில் 120 நாளுக்குள் 20 விழுக்காடு வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். ஒரு வீட்டில் பாட்டி, "தாத்தாவுக்குக் கை நடுங்கும், நானே போட்டுவிடுகிறேன்" என்றார். முகவரியை வேறொருவர் எழுதலாம், கையெழுத்து அவருடையதாகவே இருக்க வேண்டும் என்றேன். தாத்தா எழுந்து வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக இழுத்தார். பழைய வாக்காளர் பதிவிலுள்ள கையெழுத்தோடு அது ஒத்துப்போனதா, தள்ளிவிட்டார்களா என்று இன்றுவரை தெரியாது.

ரகு, டெக்சாஸ்:
எங்கள் பள்ளி வாரியக் கூட்டத்தில் ரீகாலுக்கு வழி கேட்டேன். "இங்கே அது கிடையாது, அடுத்த தேர்தலில் பாருங்கள்" என்றார்கள். அவ்வளவுதான் என் கதை. ஆனால் செல்வம், உங்கள் ஊர் முறையை நான் ஏற்கவில்லை. 200 சொல்லுக்குள் காரணம் எழுதினால் போதும். அது போதுமான காரணமா என்று எந்த நீதிபதியும் பார்ப்பதில்லை. வாஷிங்டன் மாநிலத்தில், குற்றச்சாட்டு உண்மையானால் அது முறைகேடோ பதவிப் பிரமாண மீறலோ ஆகும் என்று நீதிமன்றம் ஏற்ற பிறகுதான் கையெழுத்தே வாங்கலாம். அங்கே ரிச்லாந்து நகரில், கோவிட் காலத்தில் மாநில உத்தரவை மீறிப் பள்ளிகளில் முகக்கவசத்தை விருப்பத்துக்கு விட்ட வாரிய உறுப்பினர் மூவர் மீதான ரீகால் வழக்கு, மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 ஆகஸ்டில்தான் ஓட்டுக்கு வந்தது. பதவி போனது. முறை என்றால் அது. மீனா, நீங்களும் முதலில் வாரியக் கூட்டங்களுக்குப் போங்கள், நிகழ்ச்சி நிரலைப் படியுங்கள், நல்ல வேட்பாளரை இப்போதே தேடுங்கள்.

மீனா:
ரகு, கூட்டங்களுக்குப் போகாமலா ஓட்டுப் போட்டேன்? நீங்கள் சொன்ன ரிச்லாந்தில் முகக்கவசத் தீர்மானம் 2022 பிப்ரவரியில் வந்தது. பதவி போக ஒன்றரை ஆண்டு. அதற்குள் ஒரு பிள்ளை இரண்டு வகுப்பு ஏறிவிடும்.